பாயோடு வா, மணலோடு போகாதே!

இத்தாலியின் சார்டீனியா தீவு. அதன் வடமேற்கு மூலையில், ஸ்டின்டீனோ என்ற சிற்றூரைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் லா பெலோசா கடற்கரை வந்துவிடும். கோடைக்காலத்தில் காலை எட்டு மணிக்கே ஊழியர்கள் நுழைவாயிலில் நின்றுவிடுகிறார்கள். வருகிற குடும்பங்களின் முன்பதிவைச் சரிபார்த்து, ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டையைக் கட்டி அனுப்புகிறார்கள். உள்ளே மணலில் நேராகத் துண்டை விரித்தால் அபராதம். துண்டுக்கு அடியில் கட்டாயம் ஒரு பாய் இருக்க வேண்டும். புகைபிடிக்கக் கூடாது. கிளம்பும்போது காலைக் கழுவி, மணலை அங்கேயே உதறிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒரு நாளைக்கு 1,500 பேருக்குத்தான் அனுமதி. 2020-ல் இந்த வரம்பு நடைமுறைக்கு வந்தபோது ஆளுக்கு மூன்றரை யூரோ கட்டணமும் வந்தது. அதுவரை உச்சகட்ட ஆகஸ்ட் நாட்களில் அந்தச் சிறிய மணல்திட்டில் பல ஆயிரம் பேர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள்.

பாய் எதற்கு? ஈரத்துண்டில் ஒட்டும் மணல் உதறினாலும் முழுதாகப் போகாது. ஒரு துண்டில் ஒரு கைப்பிடி போனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் ஆயிரக்கணக்கான துண்டுகள், கோடை முழுவதும், ஆண்டுக்கு ஆண்டு என்று கணக்குப் போட்டால் கடற்கரையே கொஞ்சம் கொஞ்சமாகக் காருக்குள் ஏறிப் போய்க்கொண்டிருப்பது தெரியும். கரைக்குப் பின்னால் சாலையும் கட்டடங்களும் வந்துவிட்டதால், மணல்மேடுகள் இயல்பாக நகர்ந்து இழந்ததை ஈடுகட்டும் வழியும் குறுகிவிட்டது. பின்னலில் மணல் தங்காமல் கீழே உதிர்ந்துவிடும் பாய்தான் இதற்கு ஊராட்சி கண்ட மருந்து.

குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு லா பெலோசா ஏன் பிடிக்கிறது என்பதைத் தண்ணீரில் கால் வைத்தவுடனேயே புரிந்துகொள்ளலாம். வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டுவதில்லை. எதிரே பியானா என்ற குட்டித் தீவு, அதற்கு அப்பால் நீளமான அசினாரா தீவு. வடமேற்கிலிருந்து வீசும் மிஸ்ட்ரால் காற்று எழுப்பும் பெரிய அலைகளை இவை இரண்டும் வாங்கிக்கொள்கின்றன. பின்னணியில் பதினாறாம் நூற்றாண்டில் கடற்கொள்ளையரைக் கண்காணிக்கக் கட்டிய கல் கோபுரம். குழந்தைகள் அதுவரை நடந்து போய்த் திரும்புகிறார்கள்.

ஸ்டின்டீனோவுக்கு ஒரு சோகக் கதையும் உண்டு. 1885-ல் அசினாரா தீவில் சிறைக் குடியிருப்பும் கப்பல் பயணிகளைத் தனிமைப்படுத்தும் நிலையமும் அமைக்க அரசு முடிவு செய்தது. அங்கே வாழ்ந்த 45 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்கள் எதிர்க்கரையில் வந்து எழுப்பிய ஊர்தான் இது. ஏறத்தாழ நூற்றாண்டு காலம் சிறையாகவே இருந்த அசினாரா, 1990-களின் இறுதியில் தேசியப் பூங்காவாக மாறியது. மனிதர்கள் போக முடியாமல் இருந்ததாலேயே அதன் கரைகள் தப்பித்தன. இன்று படகில் போய்வரலாம். அங்கே திரியும் வெள்ளைக் கழுதைகளைப் பார்த்த குழந்தைகள் கடலையே மறந்துவிடுவார்கள். ஒரு நாள் கடற்கரையிலிருந்து விலகியிருக்க நல்ல வழி.

மத்தியதரைக் கடலுக்குப் போகத் திட்டமிடும் குடும்பங்கள் முதலில் விமானக் கட்டணத்தையும் ஓட்டலையும் தேடுகின்றன. அதற்கு முன்பே பார்க்க வேண்டியது அந்தக் கடற்கரையின் விதிகளை. எங்கே கட்டுப்பாடு கடுமையோ அங்கேதான் குழந்தையை நம்பித் தண்ணீரில் இறக்கலாம். அழகான புகைப்படம் இதைச் சொல்லாது.

பதினான்கு பாட்டில் மணல்

2019 ஆகஸ்டில், ஸ்டின்டீனோவுக்கு அருகிலுள்ள போர்ட்டோ டோரெஸ் துறைமுகத்தில் பிரான்ஸ் செல்லும் கப்பலில் ஏறவிருந்த ஒரு காரைப் போலீசார் சோதனையிட்டார்கள். உள்ளே 14 பிளாஸ்டிக் பாட்டில்கள். அவற்றில் ஏறத்தாழ 40 கிலோ வெண்மணல், தீவின் தென்முனையில் இருக்கும் கியா கடற்கரையிலிருந்து அள்ளியது. ஞாபகார்த்தமாக எடுத்ததாகவும் அது குற்றம் என்று தெரியாது என்றும் அந்தப் பிரெஞ்சுத் தம்பதி சொன்னார்கள். சார்டீனியாவில் 2017 முதல் மணல், கூழாங்கல், சிப்பி எதை எடுத்தாலும் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். குழந்தை ஆசையாகப் பொறுக்கிப் பையில் போட்ட கூழாங்கல்லுக்கும் சட்டம் ஒன்றுதான். அதைப் புறப்படும் முன்பே வீட்டில் சொல்லி வைப்பது பெற்றோர் வேலை.

இந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே தீவின் வடகிழக்கில் ஒரு சாட்சி இருக்கிறது. புதெல்லி என்ற குட்டித் தீவின் ரோஜா நிற மணற்கரை. கடற்புல் வெளியில் வாழும் நுண்ணுயிர்களின் சிவந்த ஓட்டுத் துகள்கள் அந்த மணலுக்கு நிறம் கொடுத்தன. இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனி 1964-ல் எடுத்த 'சிவப்புப் பாலைவனம்' படத்தில் அந்தக் கரை வந்த பிறகு அதன் புகழ் பரவியது. வந்தவர்கள் மணலை அள்ளிக்கொண்டே போனார்கள். நிறம் மங்கியது. 1994 முதல் அந்த மணலில் யாரும் கால் வைக்கக் கூடாது, படகிலிருந்தபடி பார்க்கலாம். மௌரோ மொராண்டி என்பவர் 1989 முதல் 2021 வரை அங்கே தனியாளாகக் காவலிருந்தார். லா பெலோசாவில் பாய் கேட்பதை வீண் கெடுபிடி என்று நினைப்பவர்கள் புதெல்லியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாய் கேட்கும் ஊரில் நம் பிள்ளைகளும் குளிக்கலாம். புதெல்லியில் அதுவும் முடியாது.

தண்ணீர் சுத்தமா? அளந்துதான் சொல்ல வேண்டும்

கண்ணாடி மாதிரித் தெரியும் தண்ணீரில் கழிவுநீர்க் கிருமி இருக்கலாம். கலங்கலாகத் தெரியும் தண்ணீர் முழு ஆரோக்கியத்துடன் இருக்கலாம். ஆகவே ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் இயற்றிய குளியல் நீர் விதிப்படி எல்லா உறுப்பு நாடுகளும் இரண்டு நுண்ணுயிர்களை எண்ணுகின்றன. ஒன்று ஈ-கோலை, மற்றது குடல் என்டெரோகாக்கை. இரண்டும் மனித, விலங்குக் கழிவிலிருந்து வருபவை. குளியல் பருவம் தொடங்கும் முன் ஒரு மாதிரி, பிறகு மாதத்துக்கு ஒன்றாவது எடுக்க வேண்டும். ஒரு பருவத்தில் கிடைத்த முடிவை மட்டும் வைத்துத் தரம் போடுவதில்லை. பொதுவாக நான்கு பருவங்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து 'மிகச் சிறப்பு', 'நன்று', 'போதுமானது', 'மோசம்' என்று பிரிக்கிறார்கள். கடலில் முதல் தரம் கிடைக்க 100 மில்லிலிட்டர் நீரில் ஈ-கோலை 250-ஐயும் என்டெரோகாக்கை 100-ஐயும் தாண்டக் கூடாது. ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை ஆண்டுதோறும் இதை வரைபடமாக இலவசமாக வெளியிடுகிறது. ஊர்ப்பெயரைத் தட்டினால் அந்தக் கரையின் தரம் வந்துவிடும். கரையில் இருக்கும் பலகையிலும் நட்சத்திரக் குறி உண்டு. மூன்று நட்சத்திரம் என்றால் முதல் தரம். சைப்ரஸ், கிரீஸ், குரோஷியா, மால்டா ஆகியவை இந்தப் பட்டியலில் தொடர்ந்து முன்வரிசையில் நிற்கின்றன.

நீலக்கொடி இன்னும் பரவலாகத் தெரிந்த அடையாளம். 1985-ல் பிரான்சில் தொடங்கி, 1987-ல் ஐரோப்பா முழுவதும் பரவியது. நீரின் தரத்தோடு கழிப்பறை, குப்பை மேலாண்மை, உயிர்காப்பாளர், முதலுதவி, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி என்று 33 நிபந்தனைகள் உண்டு. குளியல் நீர் முதல் தரத்தில் இல்லாவிட்டால் கொடியே கிடையாது. தமிழ்நாட்டில் கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் 2021-ல் இந்தக் கொடியைப் பெற்றவை என்பதால் நம்மவர்களுக்கும் இது புதிதல்ல. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இந்தக் கொடி ஓராண்டுக்குத்தான் செல்லும், ஊராட்சி விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். கொடி இல்லாத கரை அழுக்கானது என்று பொருளில்லை. போன ஆண்டுப் புகைப்படத்தில் கொடி பறப்பதும் இந்த ஆண்டுக்குச் சான்றில்லை.

இவ்வளவு கவனம் ஏன் என்றால், மத்தியதரைக் கடல் ஏறத்தாழ மூடிய கடல். ஜிப்ரால்டரில் 14 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு வாசல்தான் அதைப் பெருங்கடலோடு இணைக்கிறது. உள்ளே இருக்கும் நீர் முழுவதுமாகப் புதுப்பிக்கப்பட நூறாண்டு அளவு ஆகும் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் கொட்டியது அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது.

இனி கரையில் குவிந்து கிடக்கும் பழுப்பு நிறக் 'குப்பை'க்கு வருவோம். முதன்முதலாக மத்தியதரைக் கரைக்குப் போகும் பலரை முகம் சுளிக்க வைப்பது இதுதான். ரிப்பன் மாதிரி நீண்ட காய்ந்த இலைகள், சில இடங்களில் முழங்கால் உயரத்துக்குத் திண்டு திண்டாக, நடுவே நார் உருண்டைகளோடு. மொய்க்கும் பூச்சியும் லேசான நாற்றமும் சேர்ந்துகொள்ளும். இது பாசிடோனியா என்ற கடற்புல். பாசி இனமன்று, வேரும் பூவும் காயும் உள்ள செடி, இந்த வகை மத்தியதரைக் கடலைத் தவிர வேறெங்கும் இல்லை. தெளிந்த நீரில்தான் வளரும். கடலடியில் மண்ணைப் பிடித்து வைக்கிறது, மீன்குஞ்சுகளுக்கு அடைக்கலம் தருகிறது. இலையுதிர் காலத்தில் கழன்று கரையேறும் இலைகள், குளிர்காலப் புயலலை மணலை அரித்துப் போகாமல் மெத்தையாக நின்று காக்கின்றன. ஸ்பெயினின் இபிஸா, ஃபோர்மென்டேரா தீவுகளுக்கு இடையில் கிடக்கும் புல்வெளி 1999-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2018-ல் பலேரிக் தீவுகள் அரசு அந்தப் புல்லின் மேல் படகுகள் நங்கூரம் போடுவதையே தடை செய்தது. ஆகவே இலை குவிந்த கரையைப் பார்த்தால் ஓட்டலை மாற்ற வேண்டாம். அந்தப் பக்கக் கடல் உயிரோடிருக்கிறது. குழந்தை பத்தடி தள்ளி மணலில் விளையாடட்டும்.

ஒலிபெருக்கியில் வரும் குழந்தையின் பெயர்

இத்தாலியின் கிழக்குக் கரையில் ரிமினி. லா பெலோசாவின் நீலப்பச்சை இங்கே இல்லை. ஏட்ரியாட்டிக் கடலின் தண்ணீர் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். ஆனால் சின்னக் குழந்தையோடு போகிறவர்களுக்கு இதைவிட வசதியான கரை கிடைப்பது கடினம். 1843-ல் முதல் குளியல் நிலையம் தொடங்கிய ஊர் இது. ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்கு மணல், மெதுவாகச் சரியும் கடலடி. கரை முழுவதும் எண்ணிட்ட குளியல் நிலையங்கள். ஒவ்வொன்றிலும் வாடகைக் குடை, சாய்வு நாற்காலி, உடைமாற்றும் அறை, குளியல் குழாய், குழந்தைகள் ஊஞ்சல். குறிப்பிட்ட இடைவெளியில் உயர்ந்த நாற்காலியில் உயிர்காப்பாளர், கீழே தயாராகத் துடுப்புப் படகு.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அங்கே ஓர் ஒலிபெருக்கிச் சேவை தொடங்கினார்கள். கரை நெடுகக் கம்பங்களில் தொங்கும் அந்த ஒலிபெருக்கிகளில் விளம்பரத்துக்கு நடுவே காணாமல் போன குழந்தைகளின் அறிவிப்பும் வரும்: பெயர், வயது, நீச்சலுடையின் நிறம், எந்த எண் நிலையத்தில் காத்திருக்கிறது. ஒரே மாதிரியான குடைகள் வரிசை வரிசையாக நிற்கும் கரையில் நான்கு வயதுப் பிள்ளை திசை தவறிப் போவது வெகு சுலபம். ரிமினிக்குப் போனால் முதல் வேலையாகத் தங்கள் நிலையத்தின் எண்ணைக் குழந்தைக்குப் பாடமாக்கிவிட வேண்டும், கையில் பேனாவால் எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

ரிமினிக்கு நீரின் விலையும் தெரியும். 1989 கோடையில் ஏட்ரியாட்டிக் கரையில் வழவழப்பான நுரைக்கூழ் பரந்த அளவில் ஒதுங்கியது. சுற்றுலாப் பயணிகள் ஓடினார்கள். அது ஊரையே உலுக்கியது. இன்னொரு பக்கம், கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய அமைப்பில் கனமழை பெய்தால் இரண்டும் சேர்ந்து கடலில் விழும், உடனே குளிக்கத் தடை வரும். 2013-ல் தொடங்கிய பெருந்திட்டத்தில் கடலில் திறக்கும் அந்த வடிகால் வாய்களை ஒவ்வொன்றாக அடைக்கும் பணி நடந்தது. கடலோரக் கென்னடி சதுக்கத்தின் அடியில் பிரம்மாண்டமான தொட்டிகளைப் புதைத்தார்கள், மேலே மக்கள் நின்று கடலைப் பார்க்க மேடை கட்டினார்கள். இருந்தும் 2022 ஜூலை இறுதியில், வெப்பமும் நீரோட்டக் குறைவும் சேர்ந்த நாட்களில் ஈ-கோலை எல்லை மீறிப் பல இடங்களில் தற்காலிகத் தடை வந்தது. அதை மூடிமறைக்காமல் அறிவித்தார்கள் என்பதே அந்தக் கரையை நம்பக் காரணம். எந்த நாடானாலும், பெருமழை கொட்டியபின் ஓரிரு நாள் குழந்தைகளைக் கடலில் இறக்காமல் இருப்பது நல்லது. ஓடையோ வடிகாலோ கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் என்றைக்கும் வேண்டாம்.

அமைதியான கடலிலும் காற்று உண்டு

மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. பெரும்பாலான இடங்களில் முப்பது சென்டிமீட்டர் அளவுதான். காலையில் விரித்த பாயை மதியம் கடல் வந்து எடுத்துப் போகாது. இந்த அமைதிதான் பெற்றோரை அசர வைக்கிறது. ஆபத்து பெரும்பாலும் காற்றில் வரும்.

2020 ஆகஸ்டில் கிரீஸ் நாட்டின் அந்திரியோ கடற்கரையில் நடந்ததை உலகமே பார்த்தது. ஒற்றைக்கொம்புக் குதிரை வடிவக் காற்று மிதவையில் உட்கார்ந்திருந்த மூன்று, நான்கு வயதுச் சிறுமியைக் கரைக்காற்று மெல்லத் தள்ளிக் கோரிந்து வளைகுடாவின் நடுவே கொண்டுபோய்விட்டது. அந்த வழியாக வந்த பயணிகள் கப்பலின் கேப்டன் அவளைக் கண்டு, தன் கப்பலின் அலையே மிதவையைக் கவிழ்த்துவிடக் கூடாது என்று மிக மிக மெதுவாக நெருங்கினார். குழந்தை மிதவையை இறுகப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். பத்திரமாக மீட்டார்கள். நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் கரையோரத் தண்ணீர் தட்டையாக, மிகப் பாதுகாப்பானதாகத் தெரியும். அன்றைக்குத்தான் காற்று மிதவையைக் காரிலேயே வைத்துவிட வேண்டும்.

ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்டெமி என்ற வடகாற்று நாட்கணக்கில் வீசும். கிரீட் தீவுக்குப் போகிறவர்கள் வடகரையில் ஓட்டல் போட்டிருந்தாலும், அலை எழும் நாளில் ஒதுக்கமான விரிகுடா எது என்று முன்பே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். கரைக்குப் போனதும் கொடியைப் பார்க்க வேண்டும்: பச்சை குளிக்கலாம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு இறங்கவே கூடாது.

கடிகளும் குத்தல்களும் உண்டு. ஊதா நிறச் சொறிமீன் பட்டால் கடல்நீரில் மட்டும் அலச வேண்டும். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் தேய்த்தாலும் விஷம் இன்னும் பரவும். இந்த வகைக்கு வினிகரும் ஆகாது. சமையல் சோடாவைக் கடல்நீரில் குழைத்துப் பூசி, இரண்டு நிமிடம் கழித்துப் பழைய வங்கி அட்டையால் வழித்தெடுக்கச் சொல்கிறார்கள். மணலில் புதைந்து கிடக்கும் விஷமுள் மீனை மிதித்துவிட்டால் வைத்தியம் நேரெதிர். பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை அரை மணிக்கு மேல் வைத்திருந்தால் விஷம் முறியும். ரப்பர் செருப்போடு தண்ணீரில் இறங்கும் பிள்ளைக்கு இந்தக் கவலையும் இல்லை, பாறையோரக் கடல் முள்ளெலிக் கவலையும் இல்லை.

தாத்தா பாட்டியையும் சேர்த்து அழைத்துப் போகிறவர்கள் கிரீஸைப் பற்றி யோசிக்கலாம். சூரிய மின்சாரத்தில் இயங்கும் சீட்ராக் என்ற நாற்காலி அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கரைகளில் இருக்கிறது. சக்கர நாற்காலியிலிருந்து மாறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால், தண்டவாளத்தில் வழுக்கித் தண்ணீருக்குள் கொண்டுபோய் விடும், திரும்ப மேலேயும் கொண்டுவரும். நடக்க முடியாத ஒருவர் யாருடைய தோளும் இல்லாமல் கடலில் இறங்கி ஏறுகிறார். இதைச் செய்த பொறியாளர்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. இத்தாலியில் கரையின் பெரும்பகுதி வாடகைக் குடைகளுக்குப் போய்விட்டது. ஆனால் நீரோரமாக ஐந்து மீட்டர் அகலத்துக்கு யாரும் நடந்து போகலாம் என்பது சட்டம். இலவசக் கரைகளும் இடையிடையே உண்டு. கிரீஸில் 2023 கோடையில் பாரோஸ் தீவு மக்கள் 'துண்டு இயக்கம்' நடத்தினார்கள். வரம்பு மீறிக் கரையை வளைத்துப் போட்ட சாய்வு நாற்காலிகளுக்கு எதிராக, எங்கள் துண்டை விரிக்க இடம் கொடு என்பதுதான் கோரிக்கை. அடுத்த ஆண்டே அரசு விதிகளை இறுக்கி, புகார் சொல்லக் கைபேசிச் செயலியும் கொண்டுவந்தது.

மே மாதம் குளிரும்

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இருக்கும் பெரிய சிக்கல் நாட்காட்டி. நம் பிள்ளைகளுக்கு விடுமுறை ஏப்ரல், மே. மே மாதத்தில்கூடச் சார்டீனியாவில் கடல்நீர் 17, 18 டிகிரிதான் இருக்கும். வெயில் அடிக்கும், தண்ணீரில் இறங்கினால் பல் கிட்டும். ஜூன் இறுதியில்தான் 22 டிகிரியைத் தொடும், ஆகஸ்டில் 25-ஐத் தாண்டும். சூரிச்சிலும் பாரிசிலும் லண்டனிலும் வாழும் தமிழர்களுக்குப் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில் வருவதால் தண்ணீர் இதமாக இருக்கும். கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். ஆகஸ்ட் 15 இத்தாலியின் தேசிய விடுமுறை. அதைச் சுற்றிய வாரத்தில் நாடே கடற்கரைக்கு வந்துவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது உத்தமம். 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் காட்டுத்தீ பரவி ஏறத்தாழ 19,000 பேரை வெளியேற்ற நேர்ந்தது. உச்சக் கோடையில் போகிறவர்கள் ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையையே பதிவு செய்ய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அவசர எண் 112.

இன்னும் பள்ளிக்குப் போகாத குழந்தைகள் உள்ளவர்களுக்கு செப்டம்பர்தான் பொற்காலம். கடல் கோடை முழுவதும் வாங்கிய சூட்டை விடாமல் வைத்திருக்கும். ஆகஸ்ட் கூட்டம் கிளம்பிப் போயிருக்கும். நண்பகல் வெயிலும் கொஞ்சம் தணிந்திருக்கும்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குள் இலவசம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். கோடைக்கான நேர்காணல் தேதிகள் வேகமாக நிரம்பிவிடும் என்பதால் பொங்கல் முடிந்ததும் வேலையைத் தொடங்கிவிடலாம்.

மே கடைசியில்தான் போக முடியும் என்றால் வரைபடத்தில் கிழக்கே நகர வேண்டும். சைப்ரஸில் அதற்குள் தண்ணீர் 21, 22 டிகிரிக்கு வந்திருக்கும். அங்கே புரோட்டாரஸ் ஊரின் அத்திமர விரிகுடா குழந்தைகளுக்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது: பொடி மணல், ஆழமற்ற நீர், எதிரே அலையைத் தடுக்கும் சிறு தீவு. சைப்ரஸுக்கான விசா விதிகளைத் தூதரகத்தில் தனியாக விசாரித்துக்கொண்டு டிக்கெட் எடுப்பது நல்லது.